ஆற்றங்கரையைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுப்போம்

(ஜொகூர், குளுவாங்கில் செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். காடு என்றதும் நம் நினைவுக்கு வருவது எண்டாவ் ரொம்பின் அல்லது பந்தி மலை. அவை அரசின் பொறுப்பில் இருக்கின்றன. நான் இன்று பேசப்போவது நம் கையில் இருக்கும் நிலத்தைப் பற்றி. நம் பெயரில் பட்டா உள்ள நிலத்தில், நாம் பங்குதாரராக இருக்கும் தோட்டத்தில், நாம் சம்பளம் வாங்கும் எஸ்டேட்டில் மறுபடியும் வளரக்கூடிய காட்டைப் பற்றி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுப் பயிர். மரம் உயர்ந்து, குலைக்குக் கம்பு எட்டாமல் போனதும் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடுகிறோம். அந்த மறுநடவு ஆண்டில் ஆற்றங்கரை, ஓடைக்கரை, செங்குத்தான சரிவு, தண்ணீர் வடியாத பள்ளம் ஆகிய இடங்களில் மட்டும் செம்பனை நடாமல் இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டால், ஜொகூரில் துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகள் மறுபடியும் ஒன்றோடொன்று சேரும். அந்த ஓர் ஆண்டைக் கோட்டைவிட்டால் அடுத்த வாய்ப்பு நம் பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் வரும்.

காடு போன வழி

ஜொகூரின் காடு எங்கிருந்து போகத் தொடங்கியது என்று பார்த்தால், அது ஆற்றங்கரையிலிருந்துதான் போயிருக்கிறது. 1840களில் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம், சீன விவசாயத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரங்களை வழங்கினார். இன்ன ஆற்றின் கரையில் காட்டை வெட்டி மிளகும் கம்பிரும் பயிரிடலாம் என்பது அதன் சாரம். பத்திரம் பெற்றவர் காங்சு. அவருடைய படகுத்துறையும் குடியிருப்பும் காங்கார். இன்றும் காங்கார் பூலாய் என்ற ஊர்ப் பெயரில் அந்தக் காலம் தங்கியிருக்கிறது.

கம்பிர் இலையைப் பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்துத்தான் சாறு இறக்க வேண்டும். அதற்கு ஓயாமல் விறகு தேவை. பயிருக்காக வெட்டிய காடு போதாமல், அடுப்புக்காகவும் அதே அளவு காட்டை வெட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குள் மண் சத்திழந்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டு ஆற்றின் மேற்பகுதிக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் ஏறியது. அந்தக் காங்சு முறை 1917இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அதற்குள் ரப்பர் என்னும் பால்மரம் வந்துவிட்டது. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முழுமையடைந்த பிறகு, பாதையின் இருபுறமும் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர்கள் இந்த மண்ணுக்கு வந்தது அப்போதுதான். ஆரம்பக் காலத் துரைமார்களுக்குப் பால்மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. நம் பாட்டிமார் நாள் முழுக்கக் குனிந்து நிலத்தை மொட்டையாகச் சுரண்டினார்கள். மழை பெய்தபோது அந்த மேல்மண் ஆற்றுக்குப் போனது. மண்ணை மூடும் கொடிப்பயிர்களை வளர்க்க வேண்டும் என்ற அறிவு தோட்டத் துறைக்குப் பிறகுதான் வந்தது. பின்னர் 1970களில் ஜொகூர்த் தென்கிழக்கு வளர்ச்சித் திட்டம், கெஜோரா, கோத்தா திங்கிப் பக்கத்துக் காடுகளைப் பரந்த அளவில் செம்பனையாக மாற்றியது. இன்று ஜொகூரின் பரப்பு சுமார் 19 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது 19 லட்சம் ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேர் செம்பனை.

இதை யாரையும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. அந்தச் செம்பனையும் பால்மரமும்தான் நம்மைப் படிக்க வைத்தன. ஆனால் காட்டை வெட்டிய கைகளில் நம் கைகளும் உண்டு. அந்த நிலத்தின் மேடுபள்ளத்தையும் ஓடைகளின் போக்கையும் மண்ணின் குணத்தையும் நம்மவர்கள் அறிந்த அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. காட்டைத் திரும்பக் கொண்டுவரும் வேலையில் நமக்கு முன்வரிசையில் இடம் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எஞ்சியிருப்பது

1977இல் எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வெட்டு நின்றது. 1985–86இல் மலாயா இயற்கைச் சங்கம் அங்கே பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி, அந்தக் காட்டின் செல்வத்தை நாட்டுக்குக் காட்டியது. எண்டாவ் ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு விசிறிப்பனை அங்கே வளர்கிறது. 1989இல் ஜொகூர் மாநிலம் தேசியப் பூங்காக்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மக்கள் குரல் கொடுத்தால் காடு நிற்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

ஆனால் பூங்கா மட்டும் போதவில்லை. ஒரு காலத்தில் சுமத்ரா காண்டாமிருகத்தின் புகலிடமாக இருந்தது இதே எண்டாவ் ரொம்பின். 2019 நவம்பரில் மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் சபாவில் இறந்தது. மலாயாப் புலி காடுகளில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்று தேசியக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எண்டாவ் ரொம்பின் அதன் மூன்று முக்கிய வாழிடங்களில் ஒன்று. காடு சிறு சிறு துண்டுகளாகிவிட்டால், வேட்டைக்காரன் வராவிட்டாலும் உள்ளே இருக்கும் உயிர் தனித்துப்போய், இணை கிடைக்காமல் மெல்ல அற்றுப்போகும்.

அதனால்தான் தீபகற்பத்தின் காடுகளை இணைக்க 'மத்திய வன முதுகெலும்பு' என்ற பெருந்திட்டத்தை அரசு வகுத்தது. அதில் நான்கு பெரிய காட்டுத் தொகுதிகள் உள்ளன. நான்காவது தொகுதி எண்டாவ் ரொம்பின் முதல் கோத்தா திங்கி வரையிலான நம் காடுகள். வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பது எளிது. தரையில் அந்தக் கோடு பல இடங்களில் தோட்டங்கள் வழியாகப் போகிறது. அந்தத் தோட்டங்களின் சொந்தக்காரர்கள் மனம் வைக்காமல் அந்த முதுகெலும்பு சேராது.

இந்த மண் எதைக் கேட்கிறது?

தனியார் நிலத்தில் இயற்கையை மீட்பது உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட் என்ற வனவியல் அறிஞர் 1935இல் மண் செத்துப்போன ஒரு பழைய பண்ணையை விலைக்கு வாங்கினார். மனைவி மக்களோடு விடுமுறை தோறும் அங்கே போய் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டார். அந்தப் பகுதிகளில் ஓக் மரங்களும் அவற்றின் இடையே பரந்த புல்வெளியும் இயற்கையானவை. அந்தப் புல்வெளியைக் காக்க அங்கே குறிப்பிட்ட காலத்தில் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காட்டோடு சேர்ந்த புல்வெளி இயற்கையின் படைப்பு. அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமும் தைல மரமும்தான் புல்வெளியை விழுங்கின. அங்கே மீட்பு என்றால் அந்த மரங்களை வெட்டுவது.

ஜொகூரில் நிலைமை நேர் எதிர். நம் லாலாங் வெளி இயற்கையானது அல்ல, காடு அழிந்த தழும்பு. தீ வைத்தால் லாலாங் இன்னும் செழிக்கும். அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், மேலே முளைக்க முயன்ற மரக்கன்று கருகிப்போகும். லாலாங்குக்கு ஆகாதது நிழல் ஒன்றுதான். அதனால் இங்கே மீட்பு என்றால் நிழலைக் கொண்டுவருவது. எந்த ஊரிலும் மீட்பு வேலை, அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பதில் தொடங்குகிறது. ஓக் குடும்பத்து மரங்கள் நம் காட்டிலும் உண்டு. மலாய்க்காரர்கள் அவற்றை மெம்பெனிங் என்கிறார்கள். அவற்றின் கொட்டைகளைக் காட்டுப்பன்றியும் அணிலும் தேடித் தின்னும். ஆனால் இங்கே அவை திறந்த வெளி மரங்கள் அல்ல. மெராந்தி, கெருயிங், கபூர் மரங்களுக்கு நடுவே அடர்காட்டில் வளர்பவை.

கபூர் மரம் நமக்கு அந்நியமல்ல. கோயிலில் தீர்த்தத்தில் சேர்க்கும் பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் கடல் கடந்து வந்தது இம்மரத்திலிருந்துதான். கிழக்கு ஜொகூரின் காடுகளில் அது தானாக வளர்கிறது. இங்குள்ள ஜக்கூன் பூர்வகுடி மக்கள் கற்பூரம் எடுக்கக் காட்டுக்குள் போகும்போது உணவிலும் பேச்சிலும் கடுமையான விலக்குகளைக் கைக்கொண்டதாக 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. காட்டிலிருந்து எடுப்பதற்கும் ஒரு விரதம் வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

மனிதர் வளர்த்த மழைக்காடு

வெட்டிய மழைக்காட்டை மனிதரால் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்களை நான் கெப்போங்குக்குப் போகச் சொல்வேன். கோலாலம்பூரை ஒட்டிய மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் நிலம், 1920களில் ஈயம் தோண்டிய குழிகளும் காய்கறிப் பாத்திகளுமாகக் கிடந்த பொட்டல். அங்கே வனவியலாளர்கள் உள்நாட்டு மரங்களை நட்டு, காத்து வளர்த்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அது மழைக்காடாகிவிட்டது. நம் கபூர் மரங்கள் அங்கே உயர்ந்து வளர்ந்திருக்கின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாமல், நடுவில் வானம் கோடு கோடாகத் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் காட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கெப்போங் அரசு நிலம். தனியார் தோட்டத்தில் இது நடக்குமா என்றால், தமிழ்நாட்டில் வால்பாறை இருக்கிறது. ஆனைமலை மேல் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. 1890களிலிருந்து மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். கொழுந்து பறித்தவர்களும் லயத்தில் வாழ்ந்தவர்களும் நம்மைப் போன்ற தமிழர்கள்தான். எஸ்டேட்டுகளின் இடையே, வெட்டாமல் விட்ட சிறு சிறு காட்டுத் துண்டுகள் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகிய ஆய்வாளர்கள் தேயிலைக் கம்பெனிகளோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்தத் துண்டுகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த முறையைக் கவனியுங்கள். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கினார்கள். நாற்றுப்பண்ணை போட்டார்கள். களைச்செடியை அகற்றும்போது அதற்குள் தானாக முளைத்திருந்த காட்டுக் கன்றுகளை வெட்டாமல் விட்டார்கள். ஒரே மரத்தை வரிசையாக நடாமல், பல பத்து இனங்களைக் கலந்து நட்டார்கள். வெடிப்பலா அவற்றில் ஒன்று. நம் டுரியானுக்கு நெருங்கிய உறவு அது, பழமும் முள் முள்ளாகவே இருக்கும். சோலைமந்திக்கு அது முக்கிய உணவு. இன்று அந்தத் துண்டுக் காடுகளில் சோலைமந்தியும் இருவாச்சியும் திரிகின்றன. கம்பெனிகள் நிலத்தை விற்கவில்லை, தேயிலையையும் கைவிடவில்லை. எஸ்டேட்டும் காடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

விளைச்சல் குறையுமா?

தோட்டக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, ஆற்றின் அகலத்தைப் பொறுத்துக் கரை ஒதுக்கத்தைச் சொல்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் ஆற்றுக்கு 40. 10 முதல் 20 மீட்டர் ஆற்றுக்கு 20. 5 முதல் 10 மீட்டர் ஆற்றுக்கு 10. 5 மீட்டருக்கும் குறுகிய ஓடைக்கு 5 மீட்டர். இப்போது பத்து ஏக்கர் சிறுதோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லையில் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிற்றோடை ஓடுகிறது. விட வேண்டியது 5 மீட்டர் அகலம். கூட்டினால் கால் ஏக்கர். செம்பனைக் கணக்கில் ஏறத்தாழ 14 மரம்.

அந்தப் பதினான்கு மரமும் எப்படிப்பட்ட மரங்கள்? போட்ட உரத்தில் ஒரு பகுதியை மழை ஓடைக்கு அடித்துப்போகும். கரை அரித்து வேர் வெளியே தெரியும். சேற்றில் தள்ளுவண்டி இறங்காததால் குலையை வெட்டுபவர் தோளில் சுமந்து வர வேண்டும், உதிரிப்பழம் தண்ணீரில் போகும். தோட்டத்திலேயே குறைவாகக் காய்க்கும் மரங்களுக்குத்தான் அதிகமாகச் செலவு செய்கிறோம்.

அடுத்து, ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டு விலங்கினங்களில் சராசரியாக 15 விழுக்காடுதான் வாழ்கின்றன என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதை மாற்ற முடியுமா என்று பார்க்க, சுமத்ராவின் ஜாம்பியில் ஜெர்மானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2013இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 140 ஹெக்டேர் செம்பனைத் தோட்டத்துக்குள் 52 மரத்தீவுகளை அமைத்தார்கள். மிகச் சிறியது ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். பெரியது 40 மீட்டருக்கு 40. தீவுக்குள் செம்பனையில் ஒரு பகுதியை வெட்டிவிட்டுப் பெத்தாய், ஜெரிங், டுரியான், ஜெலுத்தோங், மெராந்தி போன்ற உள்நாட்டு மரங்களை நட்டார்கள். ஐந்தாண்டு கழித்துப் பறவை, பூச்சி, மண்ணுயிர் எல்லாம் பெருகியிருந்தன. தோட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தபோது விளைச்சல் குறையவில்லை. 2023இல் அந்த முடிவு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியானது.

குளுவாங்கில் நின்றுகொண்டு இதை நம்பத் தயங்க வேண்டியதில்லை. 1981க்கு முன்பு செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து, முதன்முதலாக இந்தக் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில்தான் விட்டார்கள். அதன்பிறகு கையால் தூவும் வேலையே இல்லாமல் போனது. நாட்டின் விளைச்சல் உயர்ந்தது. அரிசி மணியளவு வண்டு இவ்வளவு பெரிய தொழிலைத் தாங்கி நிற்கிறது. தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைக்கிறோம். பைப்புழுவை அடக்கும் குளவிக்காக, மஞ்சள் பூ பூக்கும் டர்னேராவைப் பாதையோரம் நடுகிறோம். உயிர்கள் உதவும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியாத சேதி இல்லை. அந்த உயிர்கள் தங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

செய்யும் முறை

கரையை விட்டுவிட்டால் காடு தானாக வளர்ந்துவிடாதா? பக்கத்தில் பழைய காடு இருந்தால் வளரலாம். எட்டிய தூரம் வரை செம்பனையே இருந்தால் லாலாங்கும் கொடியும்தான் வரும்.

மெராந்தி வகை மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கும். இறக்கை முளைத்த அந்த விதை சில வாரங்களுக்குள் முளைத்துவிடும், இல்லாவிட்டால் அழுகிவிடும். டப்பாவில் அடைத்து அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது. அதனால் வன இலாகாவின் அனுமதியோடு தாய்மரத்தின் அடியில் முளைத்திருக்கும் ஒரு சாண் கன்றுகளை ஈர மண்ணோடு பெயர்த்தெடுக்க வேண்டும். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் வேர் பிடிக்கும் முன்பே நீர் வற்றி வாடிவிடும். பாலிபேக்கில் நிரப்பும் மண்ணோடு தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடி கலக்க வேண்டும். அந்த மண்ணில் உள்ள பூஞ்சைதான் மெராந்தியின் வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்கு உணவு சேர்க்கும். முதல் சில வாரங்கள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் புழுக்கத்தில் வைத்து, பிறகு வலை நிழலுக்கு மாற்றி, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கன்று முழங்கால் உயரம் வந்து தண்டு கெட்டிப்பட ஓராண்டுக்கு மேல் ஆகும்.

அதை நேரே வெட்டவெளியில் நட்டாலும் வெயில் கருக்கிவிடும். முதலில் வெயில் தாங்கும் மரங்களை நட வேண்டும். மஹாங், தெம்புசு, நம் நொச்சிக்கு உறவான லெபான் ஆகியவை இதற்கு ஏற்றவை. தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில் நாவல் இனத்துக் கெலாட்டும் புத்தாட்டும் நிற்கும். கரை மேட்டில் அசோக இனத்துக் காப்பிஸ் வளரும். நம் ஊரில் ஏழிலைப்பாலை என்போமே, அதன் இனமான பூலாயும் இதே வரிசை. அத்தி இனங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அத்திப்பழத்துக்கு வரும் பறவை மற்ற மரங்களின் விதையை எச்சத்தில் கொண்டுவந்து போடும். இரண்டு மூன்று ஆண்டில் நிழல் கட்டியதும் மெராந்தியையும் கெருயிங்கையும் கபூரையும் அந்த நிழலில் நடலாம். பெரிய ஆறென்றால் கரையிலிருந்து தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நெராம் மரத்தையும் நடலாம்.

நட்டுவிட்டுப் போய்விட்டால் எல்லாம் வீண். மண்ணை மூட நடும் முக்குனா கொடி ஒரு மாதத்தில் கன்றை மூடிவிடும். முதல் மூன்று ஆண்டு ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு கை நீளத்துக்கு வட்டமாகப் பாராங் கத்தியால் சுத்தம் செய்ய வேண்டும். களைக்கொல்லி அடிக்கும் ஆளுக்கு எல்லை தெரியும்படி குச்சியில் சிவப்புச் சாயம் பூசி நட்டுவைக்க வேண்டும். நட்ட மரம் சாவதற்குப் பெரும்பாலும் காரணம், கவனிக்க ஆளில்லாமல் போவதுதான்.

யானையும் தண்ணீரும்

கரையில் காடு வளர்த்தால் யானை வருமே என்று கேட்பீர்கள். கோத்தா திங்கி, மெர்சிங், குளுவாங் பக்கத்தில் யானை ஏற்கெனவே வருகிறது. மறுநடவு செய்த முதல் சில ஆண்டுகளில்தான் சேதம் அதிகம். இளஞ்செம்பனையின் குருத்து யானைக்குப் பிடித்த உணவு. மலேசியாவில் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு, 2022இல் வெளிவந்தது. அவை நடமாடும் பரப்பில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே இருப்பதாக அது கண்டது. காட்டின் ஓரத்தையும் வெட்டிவிட்டு வளரும் இளங்காட்டையும் அவை விரும்புகின்றன. அதனால் யானையை எங்கோ அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் கைகொடுக்காது. மின்வேலியைச் செம்பனையைச் சுற்றிப் போடலாம். ஆற்றோரத்து வழியை அது நடந்துபோகத் திறந்து வைக்கலாம். பெரிய தோட்டங்கள் எல்லாப் பகுதியையும் ஒரே ஆண்டில் சாய்க்காமல் பிரித்துப் பிரித்து மறுநடவு செய்யலாம்.

வால்பாறையில் யானை இருக்கும் இடத்தை மாலைதோறும் உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், சாலையோரம் சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். இருட்டில் எதிர்பாராமல் யானையின் முன்னால் போய் நிற்பதால்தான் பெரும்பாலான உயிர்கள் போயின. முன்கூட்டித் தெரிந்தபோது அது வெகுவாகக் குறைந்தது. நம் தோட்டங்களில் வாட்ஸ்அப் குழு இல்லாத லயம் உண்டா? இங்கே அது நடக்காது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். ஜொகூர் ஆறு நமக்கும் சிங்கப்பூருக்கும் தண்ணீர் தருகிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் மட்டும் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். 2016இல் லிங்கியூ அணை ஐந்தில் ஒரு பங்காக வற்றியதைப் பார்த்தோம். அதற்கு முன்பு, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கி பட்டணம் மூழ்கியது. கரையோர மரம் அப்படிப்பட்ட மழையை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. கரையை வேர் பிடித்துக்கொள்ளும், மண்ணும் உரமும் ஆற்றுக்குப் போவது குறையும், ஆறு தூர்ந்து மேடாவது குறையும். தண்ணீர் சுத்திகரிப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் அதன் பலன் தெரியும்.

யார் செய்வது?

2020 ஜனவரி முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ், எம்எஸ்பிஓ, கட்டாயமாகிவிட்டது. ஆற்றோர ஒதுக்கத்தைப் பேண வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. ஆகவே கரையை விடுவது தர்மம் மட்டுமல்ல, சட்டமும் சந்தையும் கேட்பது. ஆனால் வெறுமனே விடுவதற்கும் காடாக்குவதற்கும் உள்ள தூரத்தை விதி கடக்காது, மனிதர்தான் கடக்க வேண்டும்.

1950களின் இறுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலை இழந்து தவித்த தொழிலாளர்களுக்காக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் அப்பாக்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கினார்கள். கூலிக்காரனாக வந்தவன் சொந்தக்காரனானான். சொந்தக்காரனுக்கு நிலத்தின்மேல் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. எந்தக் கூட்டுறவிலும் எந்தக் கம்பெனியிலும் பங்கு வைத்திருப்பவர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'அடுத்த மறுநடவில் ஆற்றங்கரையில் என்ன நடப்போகிறோம்?'

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல இன்னும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் கழிவறைக்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் ஐந்நூறு பாலிபேக் அளவில் ஒரு நாற்றுப்பண்ணை போடட்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு மெராந்திக்கும் கெருயிங்குக்கும் இலையில் வித்தியாசம் தெரியட்டும். பக்கத்தில் ஜக்கூன் கிராமம் இருந்தால், அங்குள்ள பெரியவர்களை அழைத்து மரியாதை செய்து, அவர்கள் வாயால் மரங்களின் பெயரையும் பயனையும் கேளுங்கள். கோயில் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில்காட்டில் ஒரு சுள்ளியையும் ஒடிக்க மாட்டார்கள். தோட்டத்து முனீஸ்வரர் சன்னதியைச் சுற்றிச் சிமெண்டு போடும் பணத்தில் ஒரு பகுதியை ஓடைக்கரை மரங்களுக்குக் கொடுங்கள். அந்த மரங்களுக்கும் அதே காவல் கிடைக்கும்.

சிறுதோட்டக்காரர்களே, கடைசியாக உங்களிடம். வீட்டுக்குப் போனதும், மரம் நட்ட ஆண்டு எது என்று பாருங்கள். மறுநடவுக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து ஆண்டு என்றால் இப்போதே ஓடைக்கரையை அளந்து, எல்லைக் குச்சி நட்டு, அங்கே உரம் போடுவதையும் மருந்தடிப்பதையும் நிறுத்துங்கள். மூன்று ஆண்டு என்றால் நாற்றுக்கு மண் நிரப்ப வேண்டிய ஆண்டு இது. அடுத்த ஆண்டே என்றால், மரம் சாய்க்கும் காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போடும் முன்பு, 'ஓடையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு எந்திரம் வரக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி 25 ஆண்டுக்குச் செல்லும்.